பிக்கப் ஆர்ட்டிஸ்டுகளின் குழூஉக்குறி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்கா மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். போன தீபாவளிக்கு வீட்டுக்கு வந்திருந்தபோது, வகுப்பில் ஒரு பெண் தன் மெசேஜுக்குப் பதிலே போடுவதில்லை என்று சொன்னான். அவளுக்கு விருப்பமில்லை போலிருக்கிறது, விட்டுவிடு என்றேன். “இல்ல மாமா, அது ஷிட் டெஸ்ட். நான் பாஸ் பண்ணணும்” என்றான். எங்கே கற்றாய் என்று கேட்டதற்கு போனை நீட்டினான். வரிசையாகக் காணொளிகள்: ஆல்ஃபா, ஃபிரேம், நெக், எச்.பி. ஒன்றும் புரியவில்லை. அன்றிலிருந்து இந்தச் சொற்களைத் துருவிப் படித்து வருகிறேன். உறவினர்கள், நண்பர்கள், அவனுடைய தோழர்கள் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பிக்கப் ஆர்ட்டிஸ்ட் என்றால் யார்?

முன்பின் தெரியாத பெண்களிடம் போய்ப் பேசி, அவர்களைத் தன் பக்கம் இழுப்பதை ஒரு வித்தையாகப் பயின்று, மற்ற ஆண்களுக்கும் கற்றுக்கொடுப்பவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர் இது. சுருக்கமாக பி.யூ.ஏ. இயல்பாகவே பெண்களிடம் கலகலப்பாகப் பேசுகிற ஆளை இவர்கள் ‘நேச்சுரல்’ என்பார்கள். அவர் பி.யூ.ஏ. ஆகமாட்டார். பாடம் படித்து, வசனத்தை மனப்பாடம் செய்து, இன்று எத்தனை பேரிடம் பேசினோம் என்று கணக்கு வைத்துப் பழகுகிறவர்தான் பி.யூ.ஏ. கூச்சமில்லாமல் பழகுகிற எல்லாப் பையன்களுக்கும் இந்த முத்திரையைக் குத்துவது சரியல்ல.

எங்கே, எப்படி ஆரம்பித்தது?

அமெரிக்காவில். பெண்களை அணுகுவது எப்படி என்று 1970இலேயே எரிக் வெபர் ஒரு கையேடு எழுதியிருக்கிறார். ஆனால் இன்று காதில் விழும் சொற்களின் வேர் 1980களின் கடைசியில் இருக்கிறது. கலிஃபோர்னியாவில் ராஸ் ஜெஃப்ரிஸ் என்பவர் ‘ஸ்பீடு செடக்‌ஷன்’ என்று ஒரு முறையைக் கற்பிக்கத் தொடங்கினார். பேச்சின் மூலமே எதிராளியின் மனதைத் திருப்பலாம் என்று சொல்லும் என்.எல்.பி.தான் அதற்கு அடித்தளம். அது 1970களில் ரிச்சர்ட் பேண்ட்லரும் ஜான் கிரிண்டரும் உருவாக்கியது. அறிவியல் சோதனைகளில் அது தேறவில்லை.

1994இல் ஜெஃப்ரிஸின் மாணவர் ஒருவர் யூஸ்நெட் என்ற இணைய விவாதக் களத்தில் இதற்கென ஒரு குழு தொடங்கினார். அங்கே எல்லாம் வெறும் எழுத்துதான். உலகின் பல மூலைகளிலிருந்து ஆண்கள் அங்கே கூடி அனுபவங்களைத் தட்டச்சு செய்தார்கள். டொராண்டோவைச் சேர்ந்த மேஜிக் கலைஞர் எரிக் வான் மார்க்கோவிக் ‘மிஸ்டரி’ என்ற பெயரில் வந்து, முழு விஷயத்தையும் படிப்படியான ஒரு செய்முறையாக மாற்றினார். ஈர்ப்பு, நெருக்கம், மயக்கம் என்று மூன்று கட்டங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் மூன்று படிகள். பத்திரிகையாளர் நீல் ஸ்ட்ராஸ் அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து ‘ஸ்டைல்’ என்ற பெயரில் தானும் ஒரு குருவாகி, 2005இல் ‘தி கேம்’ என்ற புத்தகத்தை எழுதினார். புத்தகத்தின் கடைசியில் அகராதிபோல ஒரு சொற்பட்டியல் இருக்கிறது. குழுவுக்குள் மட்டும் புழங்கிய சொற்கள் அதோடு உலகம் முழுக்கப் போய்விட்டன. 2007இல் மிஸ்டரியை வைத்து அமெரிக்கத் தொலைக்காட்சியான வி.எச்.1 ஒரு போட்டி நிகழ்ச்சியே நடத்தியது.

ஏன் இவ்வளவு சுருக்கெழுத்துகளும் கலைச்சொற்களும்?

நன்னூல் இதற்கு ஒரு பெயர் தருகிறது: குழூஉக்குறி. ஒரு கூட்டத்தார் தங்களுக்குள் மட்டும் புரியும்படி ஒரு பொருளுக்கு வேறு பெயர் வைத்துக்கொள்வது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்பார்கள் என்று உரையாசிரியர்கள் உதாரணம் காட்டுவார்கள். வாடிக்கையாளர் எதிரில் இருக்கும்போதே தொழில் பேச அது உதவும். பி.யூ.ஏ. சொற்களும் அதே வேலையைச் செய்கின்றன. ஒரு பெண் பக்கத்தில் நிற்கும்போதே அவளைப் பற்றி “டூ-செட், ஐ.ஓ.ஐ. வந்துவிட்டது” (இரண்டு பேர் நிற்கிறார்கள், ஆர்வம் காட்டிவிட்டாள்) என்று நண்பனிடம் சொல்லிவிடலாம்.

இந்தச் சொற்கள் எங்கிருந்து கடன் வாங்கப்பட்டவை என்று பாருங்கள். டார்கெட், ஃபீல்ட், விங்மேன், பூட்கேம்ப் எல்லாம் ராணுவத்திலிருந்து வந்தவை. குளோஸ், பையிங் டெம்பரேச்சர் (வாங்கும் ஆர்வத்தின் சூடு), பையர்ஸ் ரிமார்ஸ் (வாங்கிய பின் வரும் வருத்தம்) எல்லாம் விற்பனைத் துறையின் சொற்கள். பேரத்தை முடித்துக் கையெழுத்து வாங்குவதுதான் ‘குளோஸ்’. ஆல்ஃபாவும் பீகாக்கிங்கும் விலங்கியலிலிருந்து வந்தன. ஒரு மனிதர் இன்னொரு மனிதரை விரும்புவதைப் பற்றிப் பேச வந்த அகராதியில் போர், வியாபாரம், மிருகம் மூன்றும் இருக்கின்றன. அன்பு, நட்பு, குடும்பம் சார்ந்த சொற்கள் தேடினாலும் கிடைப்பது அரிது.

‘ஸார்ஜிங்’ என்றால் என்ன?

பெண்களிடம் பேசும் நோக்கத்தோடு வெளியே கிளம்புவது. ராஸ் ஜெஃப்ரிஸ் வளர்த்த ஒரு பூனையின் பெயர் ஸார்ஜ். அதிலிருந்து வந்த சொல் இது. பகலில் கடைத்தெரு, புத்தகக் கடை, பூங்கா என்று போனால் ‘டே கேம்’. இரவில் மதுக்கூடம், கிளப் என்றால் ‘நைட் கேம்’.

ஆண்களையும் பெண்களையும் என்ன சொல்லி அழைக்கிறார்கள்?

பயிற்சி பெறாத சாதாரண ஆண் ‘ஏ.எஃப்.சி.’ ஏமாளி, விரக்தியில் கிடப்பவன், சராசரி என்ற மூன்றும் சேர்ந்த வசை அது. புதிதாக வருகிறவனை முதலில் அந்தச் சொல்லால் அடித்து உட்கார வைப்பார்கள். நீ ஒரு ஏ.எஃப்.சி., நாங்கள் உன்னை மாற்றுகிறோம் என்பதுதான் கட்டணப் பயிற்சியின் முதல் வரி. வெளியே போகாமல் எழுதிக்கொண்டே இருப்பவன் ‘கீபோர்டு ஜாக்கி’.

பெண் ‘எச்.பி.’, அதாவது ‘ஹாட் பேப்’. அதன் பக்கத்தில் அழகுக்கு மதிப்பெண்: எச்.பி. 7, எச்.பி. 9. பெயர் தெரியாவிட்டால் எச்.பி. சிவப்புச் சட்டை, எச்.பி. வங்கி ஊழியர் என்று ஒட்டு சேர்ப்பார்கள். சேர்ந்து நிற்கும் கூட்டம் ‘செட்’. இரண்டு பேர் என்றால் டூ-செட், ஆணும் பெண்ணும் கலந்திருந்தால் மிக்ஸ்டு செட். அதில் இவன் குறிவைக்கும் பெண் ‘டார்கெட்’. கூட வந்த தோழி ‘அப்ஸ்டகிள்’, அதாவது தடை. இரவு பத்து மணிக்குத் தோழியைப் பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிப்போகக் காத்திருக்கும் பெண்ணுக்கு இவர்கள் கொடுத்த பெயர் தடை! என்னை அதிகம் கோபப்படுத்திய சொற்களில் இதுவும் ஒன்று.

‘ஓப்பனர்’, ‘மூன்று விநாடி விதி’ என்பவை?

ஓப்பனர் என்பது பேச்சைத் தொடங்கும் முதல் வரி. நேராக “உங்களைப் பிடித்திருக்கிறது” என்றால் டைரக்ட். ஏதோ கருத்துக் கேட்பதுபோல் ஆரம்பித்தால் இன்டைரக்ட். “யார் அதிகம் பொய் சொல்கிறார்கள், ஆண்களா பெண்களா?” என்பது இந்த வகையில் மிகப் பிரபலம். பார்த்த மூன்று விநாடிக்குள் போய்விட வேண்டும், யோசித்தால் பயம் வந்துவிடும் என்பது மூன்று விநாடி விதி. அந்தப் பயத்துக்கு ‘அப்ரோச் ஆங்சைட்டி’ என்று பெயர். “என் நண்பர்கள் காத்திருக்கிறார்கள், ஒரு நிமிஷம்தான்” என்று பொய்யாக ஒரு கெடு சொல்வதற்கும் ஒரு பெயர் உண்டு.

மனப்பாடம் செய்த கதை, கைரேகை பார்ப்பது, சின்ன மேஜிக் எல்லாம் ‘ரொட்டீன்’. ரொட்டீன் இல்லாமல் சொந்தமாகப் பேசவே வராத நிலைக்குப் போய்விட்ட ஆண்களை ஸ்ட்ராஸே ‘சோஷியல் ரோபோ’ என்று எழுதினார். கூச்சத்தைப் போக்க வந்தவன் சொந்தக் குரலையும் தொலைத்துவிட்டுப் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

‘நெக்’ என்றால் திட்டுவதா?

திட்டுவதைவிட நுட்பமானது. நெகட்டிவ் என்பதன் சுருக்கம். பாராட்டுபோலத் தொடங்கி லேசாகக் குத்தும் ஒரு வரி. “நகம் அழகா இருக்கே, ஒட்டினதா?” என்பது பழைய உதாரணம். மிஸ்டரி சொன்ன கணக்கு இப்படி: மிக அழகான பெண்ணுக்கு நாள் முழுக்கப் புகழ்ச்சிதான் கிடைக்கிறது; நீயும் புகழ்ந்தால் கூட்டத்தில் ஒருவன் ஆவாய்; லேசாகச் சீண்டினால், இவன் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று அவள் நினைப்பாள்.

சரி, தோழர்கள் ஒருவரை ஒருவர் சீண்டுவது இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. அத்தைப் பையன், மாமன் பெண் நடுவில் நடக்கும் கிண்டலை நாம் பார்த்து வளர்ந்தவர்கள்தான். ஆனால் அங்கே இருவருக்கும் உரிமை இருக்கிறது, பதிலுக்குப் பதில் கொடுக்கலாம், பின்னால் வருஷக்கணக்கான உறவு இருக்கிறது. நெக்கில் அப்படி எதுவும் கிடையாது. அறிமுகமே இல்லாத ஒருத்தியின் தன்னம்பிக்கையைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு, அவளே இவனுடைய அங்கீகாரத்தைத் தேடும்படி செய்வதுதான் திட்டம். அப்படி அவள் தன்னை நிரூபிக்க முயல்வதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள்: ‘குவாலிஃபை’ செய்கிறாள்.

புத்தகத்திலிருந்து காணொளிக்கு வந்தபோது நுட்பமும் போய்விட்டது. இன்று நெக் என்ற பெயரில் நிறத்தையும் உடம்பையும் கேலி செய்கிறார்கள். பல வருடம் சேர்ந்து வாழ்கிற மனைவியிடம்கூட இதைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

‘பீகாக்கிங்’, ‘டி.எச்.வி.’?

மயில் தோகை விரிப்பதுபோல, கண்ணைப் பறிக்கும் உடையோ அணிகலனோ போட்டுக்கொண்டு போவது பீகாக்கிங். மிஸ்டரியின் அடையாளமே ரோமத் தொப்பி, நெற்றியில் ஏற்றிவிட்ட பெரிய கண்ணாடி, கறுப்பு நகப்பூச்சு. டி.எச்.வி. என்பது தன் மதிப்பு உயர்ந்தது என்று காட்டிக்கொள்வது. பெரிய மனிதர்களோடு பழக்கம் இருப்பதுபோல் கதைக்குள் நுழைப்பது இதில் சேரும். ஏற்கெனவே பல பெண்கள் சூழ்ந்திருப்பதாகக் காட்டுவது ‘பிரீ-செலக்‌ஷன்’.

மயிலை உதாரணம் எடுத்தவர்கள் பாதியைத்தான் எடுத்தார்கள். தோகை விரித்து ஆடுவது ஆண். தேர்ந்தெடுப்பது பெண். பிடிக்காவிட்டால் அது பாட்டுக்கு மேய்ந்துகொண்டு நகர்ந்துவிடும். ஆண் மயில் தோகையை மடக்கிக்கொள்ளும்.

‘ஐ.ஓ.ஐ.’ என்பது என்ன?

பெண்ணுக்கு ஆர்வம் இருப்பதற்கான அறிகுறிகள். முடியைக் கோதுவது, சிரிப்பது, பெயர் கேட்பது, பேச்சு நின்றால் தானே தொடர்வது. எதிர்மாறானவை ‘ஐ.ஓ.டி.’ ஜாடை பார்ப்பது ஒன்றும் புதிதல்ல. ஆனால் இதைப் பட்டியலாகப் படித்தவனுக்கு எல்லாமே ஜாடையாகத் தெரிகிறது. கடையில் பில் போடும் பெண் சிரிப்பது வேலையின் ஒரு பகுதி. பேருந்தில் முடியைக் கோதுவது காற்றடிப்பதால். பயந்துபோன பெண்களும் சிரிப்பார்கள். எப்படியாவது சண்டையில்லாமல் அந்த இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் என்பதற்காக. இதை என் தங்கை சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன், நாற்பது வயதில்.

‘கினோ’?

தொடுதல். என்.எல்.பி.யின் ‘கினஸ்தெட்டிக்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. முதலில் முழங்கையில் தட்டுவது, பிறகு கைபிடிப்பது என்று படிப்படியாகக் கூட்டுவது ‘கினோ எஸ்கலேஷன்’. கேட்டுவிட்டுத் தொடு என்று சொல்லித்தருவதில்லை. தொட்டுப் பார், விலகினால் பின்வாங்கு, பிறகு மறுபடி முயல் என்பதுதான் பாடம். பேருந்து நெரிசலில் இதே வேலையைச் செய்கிறவனை நாம் என்ன சொல்வோம் என்று யோசித்தால் போதும்.

பெண் மறுத்தால் அதற்கு என்ன சொல்?

இந்தப் பக்கத்தில் எனக்கு முக்கியமான கேள்வி இதுதான். சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பாருங்கள்.

தெரியாத ஆள் வந்து பேசும்போது ஒரு பெண் முகம் கொடுக்காமல் இருந்தால், அது ஒரு ‘ஷீல்டு’. கேடயம்தான், உடைக்கலாம். அந்தக் கேடயத்துக்கு முன்னால் ஒரு கெட்ட வார்த்தையும் சேர்த்துக்கொள்வார்கள். “எல்லாப் பெண்ணிடமும் இப்படித்தான் பேசுவீர்களா?” என்று அவள் கேட்டாலோ, பதில் போடாமல் விட்டாலோ அது ‘ஷிட் டெஸ்ட்’, இவனுடைய உறுதியைச் சோதிக்கிறாளாம். எண் கொடுத்துவிட்டு போனை எடுக்காவிட்டால் ‘ஃப்ளேக்’. நண்பர்களாகவே இருப்போம் என்று சொன்னால் ‘எல்.ஜே.பி.எஃப்.’ அவள் உடலளவில் தயங்கினால் ‘ஏ.எஸ்.டி.’, தன்னைத் தப்பானவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாதே என்ற வேஷம் என்று விளக்கம். கடைசியில், படுக்கையறையில், வேண்டாம் என்று கையைத் தடுத்தால் ‘எல்.எம்.ஆர்.’ அதாவது கடைசி நிமிட எதிர்ப்பு. அதற்கு மருந்தாக ‘ஃபிரீஸ் அவுட்’: சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, விளக்கைப் போட்டு, போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்து, அவளைக் குற்ற உணர்ச்சிக்கு ஆளாக்குவது.

தெருவிலிருந்து படுக்கையறை வரை ஒரு பெண் வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு சொல் தயாராக இருக்கிறது. ஆனால் அவள் நிஜமாகவே வேண்டாம் என்கிறாள் என்பதைக் குறிக்க ஒரு சொல்கூட இல்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டேன். தெளிவாக மறுத்தால் நிறுத்திவிடு என்று சொன்ன பயிற்றுநர்களும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் எதற்கெடுத்தாலும் மூன்றெழுத்துச் சுருக்கம் வைத்த கூட்டத்தில் அதற்கு மட்டும் ஒரு பெயர் பிறக்கவில்லை. பெயர் இல்லாத ஒன்றைப் பற்றி இருபது வயதுப் பையன் எப்படி யோசிப்பான்? என் அக்கா மகனுக்கு நேர்ந்தது அதுதான். அவன் கெட்டவன் இல்லை. அந்தப் பெண் பதில் போடாததற்கு அவனிடம் ஒரே ஒரு சொல்தான் இருந்தது, அது தேர்வு என்றது.

ஆல்ஃபா, பீட்டா என்பது அறிவியல்தானே?

அடக்கி ஆளும் ஆண் ஆல்ஃபா, அடங்கிப் போகிறவன் பீட்டா என்பது ஓநாய்களைப் பற்றிய ஒரு தவறான முடிவிலிருந்து பரவிய எண்ணம். சுவிட்சர்லாந்தின் பாசல் உயிரியல் பூங்காவில் அடைத்து வைத்த ஓநாய்களைக் கவனித்து ருடால்ஃப் ஷென்கல் 1947இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒன்றுக்கொன்று சொந்தமில்லாத ஓநாய்களை ஒரே அடைப்பில் போட்டால் சண்டை போட்டு முதலிடம் பிடிக்கத்தான் செய்யும். ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் 1970இல் எழுதிய நூல் இந்த ‘ஆல்ஃபா’ கருத்தை நன்றாகப் பரப்பியது. ஆனால் அதே மெக் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களைப் பல கோடைகாலம் கூடவே இருந்து பார்த்தார். அங்கே கூட்டம் என்பது ஒரு குடும்பம்; அப்பா, அம்மா, பிள்ளைகள். ‘ஆல்ஃபா’ என்று சொல்லப்பட்டவை வெறுமனே பெற்றோர். 1999இல் அதை எழுதி, தன் பழைய நூலை இனி அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தைப் பல ஆண்டுகள் கேட்டுக்கொண்டிருந்தார். தான் சொன்னது தவறு என்று தெரிந்ததும் அதைத் திருத்த இவ்வளவு பாடுபட்ட அவர்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

ஓநாய் ஆய்வாளர் விட்டுவிட்டார். பயிற்றுநர்கள் விடவில்லை. கூட்டத்தில் ஓங்கி நிற்கும் மற்ற ஆணை ‘ஏமாக்’ என்று அழைத்து, அவனை மட்டம் தட்டுவதற்கும் வசனம் வைத்திருக்கிறார்கள்.

‘ஒன்-ஐட்டிஸ்’?

ஒருத்தியையே நினைத்து உருகுவது. டான்சிலைட்டிஸ், அப்பெண்டிசைட்டிஸ் மாதிரி இதையும் ஒரு வியாதியாக்கிவிட்டார்கள். மருந்து: இன்னும் பத்துப் பெண்களிடம் போய்ப் பேசு. மறுத்துவிட்டவளையே சுற்றாதே என்ற அளவில் அறிவுரை நல்லதுதான். ஆனால் இவர்கள் அகராதியில் ஒருத்தியை மனதார விரும்புவதும் இதே நோய்தான்.

‘விங்மேன்’?

நண்பன். கூட வந்து, தோழியிடம் பேச்சுக் கொடுத்து, இவனுக்கு வழி விடுகிறவன். போர் விமானிகளின் சொல். இப்போது எல்லாரும் சாதாரணமாகப் பயன்படுத்துகிறார்கள்.

‘ஃபீல்ட் ரிப்போர்ட்’ என்று எதை எழுதுகிறார்கள்?

வெளியே போய் வந்ததும் நடந்ததை வரி வரியாக எழுதிச் சக ஆண்களுக்குக் காட்டுவது. உறவு வரை போனால் அது ‘லே ரிப்போர்ட்’. அந்தப் பெண்ணுக்குத் தன்னைப் பற்றி எழுதப்படுகிறது என்றே தெரியாது. 2013இல் அமெரிக்காவின் சான் டியேகோவில், போதையில் இருந்த ஒரு பெண்ணைப் பிக்கப் பயிற்றுநர்களும் அவர்களிடம் படித்த மாணவரும் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். அந்த இரவைப் பற்றி அவர்கள் தரப்பிலேயே இணையத்தில் எழுதிப் போட்ட ரிப்போர்ட், ஆட்களைக் கண்டுபிடிக்க உதவியது. அவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். குற்றம் செய்த உணர்வே இல்லாமல் அதைச் சாதனைக் குறிப்பாக எழுத வைத்தது எது என்று கேட்டால், மேலே சொன்ன சொற்கள்தான் என்பேன்.

இவர்களை ஒரு நாடு தடை செய்ததாமே?

ஒன்றல்ல. 2014இல் ஜூலியன் பிளாங்க் என்ற பயிற்றுநர் டோக்கியோவில் பெண்களின் தலையைப் பிடித்துத் தன் இடுப்புப் பக்கம் இழுப்பதைப் பயிற்சியாகக் காட்டிய காணொளி வெளியானது. குடும்ப வன்முறை செய்பவர்கள் எப்படியெல்லாம் கட்டுப்படுத்துவார்கள் என்று பாதிக்கப்பட்ட பெண்களுக்கு எச்சரிக்கையாக மினசோட்டாவின் டுலூத் நகரில் வரைந்த விளக்கப்படம் ஒன்று உண்டு. அதை எடுத்து, இதையே செய்முறைப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம் என்ற பொருளில் பகிர்ந்திருந்தார். எதிர்ப்பு கிளம்பியது. அந்த நவம்பரில் ஆஸ்திரேலியா அவருடைய விசாவை ரத்து செய்தது. பிரிட்டனும் சிங்கப்பூரும் உள்ளே விட மறுத்தன. பிறகு தொலைக்காட்சியில் மன்னிப்புக் கேட்டார்.

ரெட் பில், இன்செல் எல்லாம் இதே கூட்டமா?

பக்கத்து வீடுகள். ‘ரெட் பில்’ என்பது 1999இல் வந்த ‘தி மேட்ரிக்ஸ்’ படத்தின் சிவப்பு மாத்திரை. பெண்களைப் பற்றிய ‘கசப்பான உண்மை’யை விழுங்கிவிட்டவன் என்று பொருள். பிக்கப் சொற்களில் பாதி அங்கே குடிபோய்விட்டன. ‘இன்செல்’ (விரும்பாமலே துணையின்றி இருப்பவர்) என்ற சொல்லின் கதை சோகமானது. 1997 வாக்கில் கனடாவில் ஒரு இளம்பெண், தனிமையில் வாடும் ஆண்களும் பெண்களும் ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்ல ஒரு இணையப் பக்கம் தொடங்கினார். அங்கே பிறந்த சொல் பிறகு வன்மம் கொண்ட ஆண்களின் கொடியாகிவிட்டது. 2014 மே மாதம் கலிஃபோர்னியாவின் ஐலா விஸ்டாவில் ஆறு பேரைக் கொன்ற இளைஞன், பிக்கப் பயிற்சியை நம்பி ஏமாந்தவர்கள் கூடிய ஒரு தளத்தில் எழுதிக்கொண்டிருந்தவன்.

சீனாவில் பி.யூ.ஏ. என்றால் வேறு பொருளாமே?

ஆமாம். இந்தச் சொல் பயணத்தில் எனக்கு நம்பிக்கை தந்த இடம் இது. சீனாவிலும் பயிற்சி வகுப்புகள் பெரிய வியாபாரமாக இருந்தன. 2019 அக்டோபரில் பீகிங் பல்கலைக்கழக மாணவி ஒருவர் தற்கொலைக்கு முயன்று, 2020 ஏப்ரலில் இறந்தார். காதலன் அவரைத் தொடர்ந்து மட்டம் தட்டி, அவமானப்படுத்திய குறுஞ்செய்திகள் வெளிவந்தன. 2023இல் நீதிமன்றம் அவனுக்கு 3 ஆண்டு 2 மாதச் சிறை விதித்தது. அந்தச் சம்பவத்தோடு பி.யூ.ஏ. என்ற மூன்று எழுத்து, மனதளவில் ஒருவரை நசுக்குவதைக் குறிக்கும் சொல்லாக எல்லார் வாயிலும் புழங்கத் தொடங்கியது. ஊழியரை ஓயாமல் மட்டம் தட்டி வேலை வாங்கும் மேலதிகாரி செய்வது ‘அலுவலக பி.யூ.ஏ.’ என்கிறார்கள். ஏமாற்றுவோரின் குழூஉக்குறியை, ஏமாற்றப்பட்டவர்கள் தங்கள் துன்பத்துக்குப் பெயராக எடுத்துக்கொண்டார்கள்.

இதெல்லாம் வேலை செய்கிறதா?

நாளைக்கு இருபது பேரிடம் பேசினால் யாராவது ஒருவர் திருப்பிப் பேசுவார். அது நெக்கின் வெற்றியா, இருபது முறை முயன்றதன் விளைவா என்று பிரித்துச் சொல்ல இவர்களிடம் வழியில்லை. எழுதப்படுவதும் பெரும்பாலும் வென்ற கதைகள். பயம் தெளிந்தது, குளித்து நல்ல சட்டை போடக் கற்றேன், நண்பர்கள் கிடைத்தார்கள் என்று பலர் சொல்வது உண்மையாக இருக்கலாம். அதை ஒரு நாடகக் குழுவோ கபடிக் குழுவோ கூடத் தந்திருக்கும். ஸ்ட்ராஸ் 2015இல் எழுதிய அடுத்த நூலில், தன்னால் ஒரு உறவில் நேர்மையாக நிலைக்க முடியாததைப் பற்றியும் சிகிச்சைக்குப் போனதைப் பற்றியும் எழுதினார்.

தமிழ்ப் பையன்கள் இதைப் பின்பற்றினால் சட்டம் என்ன சொல்கிறது?

விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் பின்தொடர்வதும், திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதும் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 78இன்படி குற்றம். முதல்முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. தமிழ்நாட்டில் 1998இல், சென்னையில் ஒரு கல்லூரி மாணவி சீண்டலுக்குப் பலியான பிறகு, ஈவ்-டீசிங் தடைச் சட்டமும் வந்தது. உடல் ரீதியாக எதிர்க்கவில்லை என்பதாலேயே ஒரு பெண் சம்மதித்துவிட்டதாக ஆகாது என்று சன்ஹிதா தனியாகவே சொல்கிறது, எல்.எம்.ஆர். என்று பேசுகிறவர்கள் அந்த வரியைப் படிக்க வேண்டும். பாதிக்கப்படும் பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம்.

சரி, அமெரிக்கச் சொல்லை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. மடக்குவது, கவிழ்ப்பது, கரெக்ட் பண்ணுவது, ஃபிகர் என்று நம் கல்லூரிகளில் பேசியதும் இதே இனம்தான். நானும் பேசியிருக்கிறேன்.

வீட்டுப் பிள்ளை இப்படிப் பேசினால் என்ன செய்வது?

போனைப் பிடுங்க வேண்டாம். அந்தச் சொற்களுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு தனிமை இருக்கிறது. பெண்ணோடு பேசத் தெரியவில்லை, கேட்டால் சிரிப்பார்கள் என்ற பயம் இருக்கிறது. ஒவ்வொரு சொல்லாக எடுத்து அதன் பொருளைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். “அப்ஸ்டகிள்” என்பதை ‘அவளுடைய தோழி’ என்றும், “எல்.எம்.ஆர்.” என்பதை ‘அவள் வேண்டாம் என்றாள்’ என்றும் தன் வாயால் சொல்லும்போது பையன்கள் கொஞ்சம் தடுமாறுகிறார்கள்.

என் அக்கா மகனிடம், “அந்தப் பொண்ணுக்கு உன்னைப் பிடிக்கலைன்னா, அதை எப்படிச் சொன்னா நீ நம்புவ?” என்று கேட்டேன். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், “நான் அப்படி யோசிக்கவே இல்ல மாமா” என்றான். அவளுக்கு மெசேஜ் அனுப்புவதை நிறுத்திவிட்டான். அந்தக் காணொளிகளை முழுக்க விட்டுவிட்டான் என்று சொல்ல மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது புதிதாக ஏதாவது ஒரு சொல் கேட்டதாகச் சொல்வான். இருவரும் அதைப் பிரித்துப் பார்ப்போம்.